மலை மேல் ஒரு சக்களத்தி

என் கணவருக்கு வேறொரு பெண்ணோடு பழக்கம் இருந்திருந்தால் கீழ்வீட்டு அம்மாளிடமாவது சொல்லி அழுதிருப்பேன். அவருக்குப் பழக்கம் ஒரு பனியாற்றோடு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பனியாறு என்றால் மலை மேல் உறைந்து கிடக்கும் ஆறு. பார்த்தால் அசையாதாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்குமாம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். புவியியலில் எனக்குப் பிடித்தது வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது மட்டும்தான்.

அவர் டெல்லியில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் புவியியல் பிரிவில் களப்பணி உதவியாளர். பெரிய படிப்பு படித்தவர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். சாமான் கட்டுவது, கூடாரம் போடுவது, அளக்கும்போது டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பது எல்லாம் இவர் வேலை. வருடத்தில் இரண்டு முறை, ஜூன் தொடக்கத்திலும் செப்டம்பர் கடைசியிலும், இமாசலத்தில் இருக்கும் அந்தப் பனியாற்றுக்குப் போய்விடுவார். ஜூன் மாதத்தில் டெல்லி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். மகனும் வேலைக்காக வெளியூர் போய்விட்டான். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஜன்னலுக்கெல்லாம் கெட்டித் திரை போட்டுக்கொண்டு நான் தனியாகக் கிடப்பேன். அவர் அங்கே கம்பளிக்குள் தூங்குவார்.

அந்தக் கம்பளிச் சாமான்களை வாங்குவதும் நான்தான். ஒரு மே மாதம் சரோஜினி நகர் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கிக் கெட்டிச் சாக்ஸ் கேட்டேன். சாதாரணமாகவே கடைக்காரரிடம் பேச எனக்கு வாய் வராது. எல்லாரும் காட்டன் குர்த்தா பேரம் பேசிக்கொண்டிருந்த இடத்தில், “பையா, கம்பளி சாக்ஸ் இருக்கா?” என்று கேட்டதும் அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“யாருக்கு ஆன்ட்டிஜி? ஃப்ரிட்ஜுக்கா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாக்ஸை வாங்கிக்கொண்டு நடந்தபோது எனக்குக் கோபம் கடைக்காரன் மேல் வரவில்லை. மலை மேல் சொகுசாகப் படுத்திருப்பவள் மேல்தான் வந்தது.

அங்கே அவர்கள் செய்வது இதுதான். பனியில் ஆழமாகத் துளை போட்டு, தலை மட்டும் தெரியும்படி மூங்கில் கழிகளை இறக்கி வைப்பார்கள். கோடையில் பனி உருகும். செப்டம்பரில் போய்ப் பார்த்தால் கழி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு பனி போய்விட்டது என்று கணக்கு.

“இவ்வளவுதானா உங்க ஆராய்ச்சி?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

செப்டம்பரில் திரும்பி வரும்போதெல்லாம் அவர் முகம் ஒரு மாதிரி இருக்கும். “இந்தத் தடவை கீழே இருக்கற கழி என் உயரத்துக்கு மேல நிக்குது” என்பார். ஐ.சி.யூவில் யாரையோ பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்திலேயே இருந்தார். குறை சொல்ல மாட்டேன், மருந்து மாத்திரை எல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். ஆனால் அந்த முகம் வரவில்லை. நானும் கட்டிலில் படுத்தபடி அதைத்தான் தேடினேன்.

போன வருடம் ஜூலையில் அவருடைய குழுத் தலைவியும் ஓர் ஆராய்ச்சி மாணவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அடுத்து வரும் மார்ச்சில் என் கணவருக்குப் பணி ஓய்வு. செப்டம்பர் பயணம்தான் கடைசி. அதற்காக ஒரு விருந்து. தலைவி லக்னோ பக்கத்து அம்மாள், எந்நேரமும் சிரித்த முகம். மாணவி திருநெல்வேலிப் பெண். அவள் பழக்கிவிட்டதில் அந்த லக்னோ அம்மாள்கூட என் கணவரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிட்டார். முப்பது வருடமாக ‘என்னங்க’ என்று கூப்பிடுகிற எனக்கு அந்தப் பெயர் யாரோ அடுத்த வீட்டுக்காரருடையது போல இருந்தது.

ரசம் பரிமாறினேன். மாணவி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்:

“மதினி, ரசம் நல்லாருக்கு. ஆனா அண்ணாச்சி மலையில வைக்காங்கல்லா ஒரு ரசம், அது பக்கத்துல வர முடியாது. நீங்க அவுககிட்ட கேட்டுப் பழகிக்கிடணும்.”

லக்னோ அம்மாள் இந்தியில் சேர்ந்துகொண்டார். “அச்சா, அந்த ரசமா! அது இல்லேன்னா எங்க டீம் பாதி வழியிலயே திரும்பியிருக்கும், பாபிஜி.”

கரண்டியோடு நின்றேன். ஒவ்வொரு பயணத்துக்கும் மிளகும் துவரம்பருப்பும் தனியாவும் வறுத்து, அரைத்து, ஈரம் படாமல் இரண்டு கவரில் கட்டி டப்பாவில் போட்டுக் கொடுப்பவள் நான். “அங்க சமையல்காரர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட கொடுப்பேன்” என்றுதான் இவர் என்னிடம் சொல்லியிருந்தார். இப்போது இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

மாணவி போனில் ஒரு வீடியோ காட்டினாள். வெள்ளையும் சாம்பலுமாக ஒரு வெளி. நடுவில் என் கணவர் மூங்கிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு யாரையோ கேலி செய்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவரும் வாய் விட்டுச் சிரிக்கிறார், பின்வரிசைப் பல்லெல்லாம் தெரிய. பின்னால் கூடாரத்தின் மேல் சூரியத் தகடு மின்னுகிறது.

“முன்னெல்லாம் ஜெனரேட்டரையும் டீசலையும் குதிரை மேல ஏத்திட்டுப் போவோம், மதினி. இப்ப எல்லாம் சோலார்தான். விளக்கு, லேப்டாப், எல்லாத்துக்கும்” என்றாள் மாணவி.

டெல்லியில் என்னைப் பொசுக்குகிற அதே வெயில் அங்கே அவருக்கு விளக்குப் போடுகிறதாம். அதுகூட அந்த மலைக்காரி பக்கம்தான்.

அவர்கள் போன பிறகு பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

“அந்தச் சமையல்காரர் யாருங்க?”

“எந்தச் சமையல்காரர்?”

“பொடியை வாங்கிக்கறவரு.”

“முதல்ல ஒருத்தர் இருந்தார். அப்புறம் வரலை.”

“எப்பலேர்ந்து?”

“அது ஆச்சு… ரொம்ப வருஷம்.”

“இங்க ஒரு நாளாவது வெந்நீர் வெச்சிருப்பீங்களா? பொடி என் பொண்டாட்டி அரைச்சதுன்னு சொல்ல வாய் வரலையா?”

“யாரும் கேக்கலையே” என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

நான் எதையும் வேண்டும் என்று கேட்டுப் பழகாதவள். அன்றைக்கு என்னவோ வந்துவிட்டது. “செப்டம்பர்ல நானும் வரேன். கடைசித் தடவைதானே. அதை ஒரு தடவை நான் பார்க்கணும்.”

“அங்க என்ன இருக்கு? கல்லும் குளிரும். கக்கூஸ்கூடக் கிடையாது. ஆபீஸ்லயும் ஒத்துக்க மாட்டாங்க.”

சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அவர் தூங்கிய பிறகு அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். இந்தச் செப்டம்பர் போனால் அவ்வளவுதான். அது யார், அதனிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே மிச்ச காலத்தைக் கழிக்க வேண்டும்.

ஆகஸ்டில் மாணவி என்னைப் போனில் கூப்பிட்டாள். பனியாற்றுக்குக் கீழே இருக்கிற கிராமத்தில் வீடு வீடாகப் போய், விறகிலிருந்து கேஸுக்கும் கரண்டுக்கும் எப்படி மாறினார்கள் என்று பெண்களிடம் கேட்கப் போகிறாளாம். அது அவளுடைய ஆராய்ச்சியில் இன்னொரு பகுதி.

“என்னைய பாத்தா சின்னப் பிள்ளைன்னு டீய குடுத்து அனுப்பிருதாங்க மதினி. நீங்க கூட இருந்தா அடுப்பங்கரையில உக்காந்து பேசுவாங்க. மேடம்தான் மொதல்ல சொன்னாங்க. அண்ணாச்சிகிட்ட கேட்டதுக்கு, உங்களுக்கு முட்டிவலி, வர முடியாதுன்னுட்டாங்க. இப்ப எப்படி இருக்கு?”

எனக்கு ஜென்மத்தில் முட்டி வலித்ததில்லை.

“சரியாயிடுச்சும்மா. வரேன்” என்றேன்.

அவர் ஆபீஸிலிருந்து வந்ததும், “என் முட்டி எப்படி இருக்குன்னு கேக்க மாட்டீங்களா?” என்றேன். சட்டைப் பித்தானில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

“அங்க நான் வேற மாதிரி இருப்பேன். நீ பார்த்துட்டு இருந்தா எனக்குக் கூச்சமா இருக்கும்.”

கூச்சம் என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். அது எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். ஆனால் கட்டின மனைவிக்கு முன்னால் கூச்சம், அந்தப் பனிக்கு முன்னால் கூச்சம் இல்லை என்றால் அதை எப்படிப் பொறுப்பது? போய் என் சாமானையும் கட்டினேன். எனக்கும் ஒரு ஜோடிக் கெட்டிச் சாக்ஸ் வாங்கினேன்.

பஸ்ஸிலும் ஜீப்பிலும் குலுங்கி அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. உயரம் பழக வேண்டும் என்று எல்லாரையும் சில நாள் அங்கேயே தங்க வைத்தார்கள். நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். அறைக்கு நடுவில் இரும்பு அடுப்பு, மூலையில் கேஸ், அதன் மேல் ஒரு கரண்ட் அடுப்பு. மாணவி கேள்விகளைக் கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

“கரண்ட் அடுப்புதான் வந்துடுச்சே, இந்தப் பழைய அடுப்பு எதுக்கு?” என்று நானும் கேட்டேன்.

“கரண்டுல ரொட்டி வேகும். என் கால் சூடாகுமா?” என்றாள் அவள் இந்தியில். மாணவி அதைச் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். அப்புறம் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி உன் வீட்டுக்காரரா? கொடுத்து வெச்சவ. வர்றப்பல்லாம் என் பாத்திரத்தையெல்லாம் அவர்தான் தேய்ச்சு வெப்பார். வீட்டுல உன்னை ஒரு வேலை செய்ய விட மாட்டார், இல்ல?”

கீரைக் கட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ரசம் கேட்டார்கள். “அவங்க இருக்காங்களே” என்று அவர் என்னைக் காட்டினார். “அண்ணாச்சியே வைக்கட்டும்” என்று சொல்லி அடுப்பை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். என் பக்கம் திரும்பாமல் வைத்தார். பருப்பைக் குக்கரில் கூடுதலாக விசில் விட்டார், அந்த உயரத்தில் சீக்கிரம் வேகாது என்பதால். பூண்டைக் கல்லில் நசுக்கிப் போட்டார். அந்த ஊரில் காய வைத்திருந்த ஏதோ ஒரு இலையைக் கசக்கித் தூவினார். குடித்தேன். நன்றாக இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பனியாற்றின் அடிவாரம் வரைக்கும் என்னைக் குதிரையில் ஏற்றிக் கூட்டிப் போனார்கள். கடைசிக் கொஞ்ச தூரம் நடை. அவர் முன்னால் போனார். வீட்டுக்கு வரும்போது அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

“இதோ” என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்லும் சேறுமாக ஒரு மேடு. “எங்க?” என்றேன். “இதுதான். மேலே மண்ணு மூடியிருக்கு. கிட்ட வந்து பாரு.”

கிட்டப் போனால் சாம்பல் நிறத்தில் அழுக்காக, ஓட்டை ஓட்டையாக, சொட்டிக்கொண்டு ஒரு பழைய பனி. அடியிலிருந்து கலங்கல் தண்ணீர் ஓடுகிறது. இவ்வளவு வருடம் நான் மனசுக்குள் வைத்திருந்தவள் வெள்ளை வெளேர் என்று பளபளத்தாள். இவள் வயதாகி, இளைத்து, இருமிக்கொண்டு கிடக்கிறாள். இவளுக்காகவா இத்தனை சாக்ஸ்!

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வரத்தான் செய்தது.

கீழ்க்கோடியில் இருந்த மூங்கில் நிற்கவில்லை. சாய்ந்து கிடந்தது. நட்ட ஆழம் முழுக்கப் பனி உருகிவிட்டதால் பிடிப்பு இல்லாமல் விழுந்துவிட்டது என்று மாணவி மெதுவாகச் சொன்னாள். அவர் குனிந்து கழியை எடுத்தார். டேப்பின் முனையை மாணவியிடம் நீட்டப் போனவர், கையை மாற்றி என்னிடம் நீட்டினார்.

“இதை நுனியில வெச்சுப் பிடி. ஆட்டாத.”

பிடித்தேன். அவர் மறுமுனைக்குப் போய் அளவைப் படித்தார். ஒரு தடவை இந்தியில் படித்தார். மாணவி எழுதிக்கொண்டாள். பிறகு யாருக்கும் இல்லாமல் தமிழில் ஒரு தடவை சொன்னார், குரல் உடைந்து. நிமிர்ந்து பார்த்தேன். அதே முகம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் தேடின முகம்.

அவர் என்னைப் பார்த்தார். மறைத்துக்கொள்ளவில்லை. கூச்சம் எங்கே போயிற்றோ.

“அடுத்த வருஷம் இந்த இடத்துல கழி நடப் பனியே இருக்காது” என்றார்.

அழ வேண்டுமென்றால் என் பக்கம் திரும்பி அழுங்கள் என்று சொல்ல நினைத்தேன். டேப்பை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், சுருட்ட வேண்டும் என்று அவர் வந்து வாங்கிக்கொள்ளும் வரை.

அந்தக் கழியை அதற்கு மேல் அளவுக்குப் பயன்படுத்த முடியாது. தலைவி அதை அவருக்கே கொடுத்துவிட்டார். ஜீப்பின் மேல் கட்டி, பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கி, டெல்லி வரைக்கும் கொண்டு வந்தார்.

இப்போது அவர் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ரசம் அவர் பொறுப்பு. மலையில் வந்த ருசி இங்கே வருவதில்லை. அதை நான் அவரிடம் சொல்லவும் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து மயூர் விஹாரில் வாடகைக்கு வந்துவிட்டோம். சின்ன பால்கனி. அந்த மூங்கிலைச் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தார், காலையில் காபியோடு போய் அதன் பக்கத்தில் நிற்பார். ஒரு நாள் அதை எடுத்து இரண்டு கொக்கிகளுக்கு நடுவில் படுக்க வைத்துத் துணி காயப் போட்டேன்.

“அதுல ஈரம் பட்டா அளவுக் கோடெல்லாம் அழிஞ்சிடும்” என்றார்.

“ஈரத்துலதானே இருந்துச்சு இவ்வளவு நாள்?” என்றேன்.

உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, வாளியில் மிச்சமிருந்த துணிகளை உதறி என்னிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கோடு இருக்கிற இடங்களை விட்டுவிட்டுப் போடச் சொன்னார். சில நாள் அப்படிப் போடுகிறேன். சில நாள், வேண்டுமென்றே, நனைந்த பெட்ஷீட்டை அந்தக் கோடுகளின் மேலேயே விரித்துவிடுகிறேன்.