அணைய நேரம் எடுக்கும் பெட்டி

என் அக்கா வீடு ஆண்டிமடத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டி இருக்கிறது. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டியவர். வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டிலில் யாராவது தலையணை வைத்து நிமிர்த்தினால் உட்காருவார், எடுத்தால் சாய்வார். அக்கா முந்திரி உடைக்கப் போகிறாள். பகல் முழுக்க அவரைப் பார்த்துக்கொள்வது அவருடைய அம்மா. எனக்கு அத்தை முறை.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறை, சென்னையில் செல்போன் சர்வீஸ், கொஞ்ச காலம் பெங்களூர். எங்கேயும் ஒட்டவில்லை. இப்போது பெரம்பலூரில் ஒரு செல்போன் கடையில் ஒரு மேசையும் ஸ்டூலும் எனக்கு உண்டு. கையில் பிடித்து விளையாடும் கேம் பெட்டி செய்வதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, கார் ரிவர்ஸ் எடுக்கும்போது பார்க்கிற சின்னத் திரை, செத்த லேப்டாப் பேட்டரிக்குள் இன்னும் சாகாத செல், நாலைந்து பட்டன். மாமாவுக்குச் செய்ததை ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள் அடக்கினேன்.

"மாப்ள, இத தொறந்தா சாம்பார் வாசம் வருதுய்யா" என்றார் மாமா. படுத்ததற்குப் பிறகு அவர் அடித்த முதல் கிண்டல் அதுதான் என்று அக்கா சொன்னாள்.

அதில் பல விளையாட்டுகள் போட்டுக் கொடுத்தேன். அவர் பிடித்துக்கொண்டது ஊர் கட்டுகிற ஒன்றை. வெறும் பச்சை நிலம் வரும். ரோடு போட வேண்டும், பாலம் கட்ட வேண்டும், கரண்ட் இழுக்க வேண்டும், பஸ் விட வேண்டும். நெஞ்சின் மேல் டப்பாவை வைத்துக்கொண்டு இரண்டு கட்டை விரலால் ரோடு போட்டார். போன் செய்தால் உடம்பைப் பற்றிப் பேசமாட்டார்.

"நம்ம ஊருக்கு அரை மணிக்கு ஒரு பஸ் விட்டுட்டேன் மாப்ள. கவர்மெண்டு விடல, நான் விட்டுட்டேன்" என்பார்.

அந்த ஊர் ஒருமுறை அழிந்தது. எல்லாரும் செய்வதுபோல நானும் தள்ளுகிற சுவிட்சு ஒன்றுதான் வைத்திருந்தேன். தள்ளினால் பேட்டரி துண்டாகும், திரை இருட்டாகும். சாப்பாடு வந்ததும் மாமா மின்விசிறியை நிறுத்துவதுபோலத் தள்ளியிருக்கிறார். இந்தப் பெட்டி மின்விசிறி இல்லை. விளையாட்டில் நடப்பதை அது மெமரி கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும்போது கரண்டைப் பறித்தால் பாதி எழுத்தோடு கார்டு குழம்பிவிடும். ஊர் வரவில்லை. மாமா இரண்டு வேளை சாப்பாட்டைத் தள்ளினார். தலையணை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "சும்மா மோட்டுவளையவே பாத்துக்கிட்டு கெடக்குறாருடா" என்று அக்கா போனில் சொன்னாள்.

கார்டை மாற்றவும், ஒழுங்காக அணைக்கிற சர்க்யூட் ஒன்றைச் சேர்க்கவும் பெட்டியைப் பெரம்பலூருக்கு எடுத்து வந்தேன். விஷயம் இவ்வளவுதான். தள்ளுகிற சுவிட்சுக்குப் பதில் அழுத்துகிற பட்டன். முதலில் அழுத்தினால், மாஸ்பெட் என்கிற மூன்று கால் பொருள் கரண்டைத் திறந்துவிடும். போர்டு விழித்ததும் அந்தக் கதவைத் தானே பிடித்துக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் கரண்ட் போகாது, போர்டுக்குச் சேதி மட்டும் போகும். அது ஊரை முழுதாக எழுதி முடித்து, கடையைச் சாத்தி, கடைசியில்தான் பிடியை விடும். சொல்ல எளிது. முதலில் செய்தது எழுதி முடிப்பதற்குள் பிடியை விட்டது. அடுத்தது பிடியை விடவே இல்லை, செல் காலியாகும்வரை நின்றது. ஒரு ரெசிஸ்டரை மாற்றியபிறகு படிந்தது.

செல்லை மட்டும் கழற்றி மாட்டும்படிதான் வைத்திருந்தேன். பழைய செல், உப்பினாலும் உப்பும். தினமும் அக்கா அதை எடுத்துத் தனிச் சார்ஜரில் போடுவாள்.

மாமா மறுபடி பச்சை நிலத்திலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ஆண்டிமடத்திலிருந்து அரியலூர் வரைக்கும் தான் ஓட்டிய ரோட்டை, வளைவுக்கு வளைவு போட்டார். ஒரு நகல் எடுத்து வைக்கிறேன் என்று கார்டைக் கேட்டேன்.

"கார்ட தொடாத மாப்ள. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

நான் தொடவில்லை.

முந்திரிக் கொட்டை காயும் பருவத்தில் ஒருநாள் போயிருந்தேன். சாயங்காலம் மேற்கே கறுத்து, முதல் இடி விழுந்தது. அந்த வீட்டில் இடி என்றால் ஒரு முறை உண்டு. முன்பு ஒரு மழையில் டிவி புகைந்துபோனதிலிருந்து அத்தை எதையும் விட்டுவைப்பதில்லை. இரும்பு இடியை இழுத்துக்கொள்ளும் என்று கடப்பாரையைத் தூக்கி வாசலில் போடுவார். மெயினை இறக்குவார். டிவி ஒயர், டிஷ் ஒயர், சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்குவார். எல்லாரும் செல்போனை அணைக்க வேண்டும். அக்காவும் நானும் வாசலில் காய்ந்த கொட்டையைத் தார்ப்பாயில் வாரிக்கொண்டிருந்தோம். உள்ளே பேச்சுக் கேட்டது.

"டேய், அத அமத்துடா!"

"அமத்திட்டேம்மா."

"எங்க அமத்துன? எரியுதே!"

"அது மெதுவாத்தான் அணையும். எழுதிக்கிட்டு இருக்கு."

"இடி இடிக்கையில என்ன எழுத்து?"

மாமா பட்டனை அழுத்திவிட்டு, டப்பாவைக் கட்டில் ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறார். திரையில் வெளிச்சம். அந்த நேரம் பார்த்து மின்னியது.

"எடுக்காதம்மா! எடுக்காத! மாப்ள!"

நான் ஓடினேன். அத்தையின் உள்ளங்கையில் டப்பாவின் செல் இருந்தது. அக்கா தினமும் எடுப்பதைப் பார்த்துப் பழகியிருக்கிறார், சரியாகவே எடுத்திருந்தார். டப்பா இருண்டிருந்தது.

"அத்தை, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே."

"நீ ஓடிருவ. ஒங்கக்கா ஓடிருவா. நானும் எப்புடியோ ஓடிருவேன். இவன் எப்புடிப்பா ஓடுவான்?"

மழை கொட்டியது. மெயின் இறக்கிய வீட்டில் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பழைய சுவிட்சாக இருந்தால் தள்ளியதும் இருட்டாகியிருக்கும், அத்தை பேசாமல் போயிருப்பார். ஊரைக் காப்பாற்ற நான் வைத்த தாமதம்தான் அவரைப் பயமுறுத்தியது.

மழை விட்டதும் மாட்டிப் பார்த்தோம். எழவில்லை. இந்த முறை கார்டைக் கழற்ற மாமாவே கொடுத்தார். பெரம்பலூரில் எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் முயன்றேன், எனக்குத் தெரிந்தவர்களிடமும் கொடுத்துப் பார்த்தேன். ஊர் இருந்த கோப்பின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. போனில் சொன்னேன். "சரி மாப்ள" என்றார்.

மாமாவிடமிருந்து போனை அத்தை வாங்கினார். "அதுல என்னப்பா இருந்துச்சு?"

"மாமா கட்டுன ஊரு, அத்தை."

"பொம்ம ஊரா?"

"ஆமா."

"நான் வேணும்னா பண்ணேன்? இனிமே இடிச்சா நான் என்ன செய்யட்டும், அதச் சொல்லு."

அதை யோசித்தேன். செல்லை எடுத்த பிறகும் அரை நிமிஷம் தாங்குகிற பெரிய கெப்பாசிட்டர் ஒன்று வைக்கலாம். ஆனால் செல் இல்லாமலும் திரை எரிந்தால் அத்தை டப்பாவையே வாசலில் கடப்பாரையோடு போட்டுவிடுவார். கடைசியில் வேறு மாதிரி செய்தேன். பட்டனை அழுத்தியதும் முதலில் திரையின் விளக்கு போய்விடும். போர்டு இருட்டுக்குள்ளேயே எழுதி முடித்துத் தானாக அடங்கும்.

புதுக் கார்டு போட்டு எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் வழியாகப் போனேன். அத்தை முன்னால் வைத்து அழுத்திக் காட்டினேன். சட்டென்று இருண்டது.

"இப்பத்தான் சரியா செஞ்சிருக்க" என்றார் அத்தை.

தலையணை வைத்து மாமாவை நிமிர்த்தினோம். டப்பாவை நெஞ்சில் வைத்தேன். பச்சை நிலம் வந்தது. அவர் விரல் பட்டனின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"ரோடு போடுங்க மாமா. இனிமே அழியாது."

"எங்க போறதுக்கு மாப்ள?" என்றார்.

கொஞ்ச நேரம் அந்த நிலத்தைப் பார்த்தார். பிறகு அவரே அணைத்தார். முதுகு வலிக்கிறது, சாய்த்துவிடு என்றார். அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்த்தோம். அத்தை சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.