வாயில்லாப்பூச்சி வாயைத் திறந்த வெள்ளிக்கிழமை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவு எழுத்தருக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். முப்பத்திரண்டு வருடம் நாலு மாதமாக, யார் வேலையைத் தள்ளிவிட்டாலும் வாங்கிக்கொண்டார். யார் திட்டினாலும் அதையும் வாங்கிக்கொண்டார். 'சரிங்க' என்பதே அவருடைய மொத்தச் சொல்வளம்.

ஓய்வு பெற்ற வெள்ளிக்கிழமை மாலை, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்கள். சும்மா மரியாதைக்குச் சொன்னது. அவர் நாற்பது நிமிடம் பேசினார்.

கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் காசாளரின் கலையைப் பாராட்டினார். அரசாங்க நேரத்தில் தட்டச்சு அம்மாள் பின்னிய ஸ்வெட்டர்களைக் கணக்கெடுத்தார். கடைசியாக, "நம்ம மேனேஜர் தங்கமான மனுஷர். எதையும் படிக்க மாட்டார். ஒருதடவை என் மளிகைச் சீட்டு கோப்போட போயிடுச்சு. 'ஒப்புதல்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார்" என்றார்.

மேனேஜர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் பஞ்சு மாதிரி வீட்டுக்கு மிதந்து போனார்.

சனிக்கிழமை காலைச் செய்தித்தாளில் அரசாணை வந்தது. ஓய்வு வயது ஒரு வருடம் கூடுகிறது. முழு ஓய்வூதியத்துக்கு இனி முப்பத்து மூன்று வருடப் பணி வேண்டும். நேற்று ஓய்வு பெற்றவர்களுக்கும் இதே கதிதான்.

"ஏங்க, உங்களுக்கு எட்டு மாசம் குறையுது" என்றாள் மனைவி. "திங்கக்கிழமை பன்னிரண்டுக்குள்ள திரும்பச் சேர்ந்துட்டா முழுசா வருமாம். இல்லேன்னா பாதிதான்."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?"

"இருக்கிறதே ஒண்ணுதானே, அதையே வெச்சிக்கிட்டுப் போங்க. பாதிப் பணத்துல வாடகை போக, உங்க சர்க்கரை மாத்திரையக் கடை வாசல்ல நின்னு பார்த்துட்டு வரலாம்."

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு, கடிகாரத்தை மார்போடு அணைத்தபடி மேனேஜர் முன் நின்றார். ஓய்வே பெறாதவன் பரிசை வைத்துக்கொள்வது முறையல்ல அல்லவா?

மேனேஜர் விண்ணப்பத்தை வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டினார். படிக்க ஆரம்பித்தார். ஒரே பக்கம்தான். முடித்ததும் திருப்பினார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் படித்தார். மறுபடி முதல் வரிக்குப் போனார்.

கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது.

"சார், பன்னிரண்டுக்குள்ள..."

"படிச்சிட்டிருக்கேன்யா. படிக்கிறதில்லேன்னு கெட்ட பேரு இருக்கு."

வாசலில் நிழலாடியது. தட்டச்சு அம்மாள், கையில் பாதி ஸ்வெட்டரோடு. பக்கத்தில் காசாளர், நிஜமாகவே விழித்திருந்தார்.

"போட்டுருங்க சார், பாவம்" என்றார் காசாளர். "நானே மன்னிச்சிட்டேன்."

"கை நடுங்குது பாருங்க சார்" என்றாள் தட்டச்சு அம்மாள். "கடிகாரத்தக் கீழ போட்டா மறுபடி நாமதான் காசு போடணும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "உள்ள மளிகைச் சீட்டு ஏதும் இல்லையே?"

"இல்லீங்க."

'ஒப்புதல்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மணி பதினொன்று ஐம்பத்தாறு.

"அடுத்த வருஷம் இதே கடிகாரந்தான். ஆனா பேச்சு கிடையாது. புரிஞ்சுதா?"

வாயில்லாப்பூச்சி வாயைத் திறந்தார். மூன்று பேரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"சரிங்க" என்றார்.