பழுப்புத் தண்ணீர் நீரூற்று

எனக்குப் போனில் பேசவே கூச்சம். நன்னிலத்தில் தையல் வேலை போக, மேஜைமேல் பொம்மைகளை வைத்து விளையாடுபவர்களுக்குச் சின்ன மாதிரி நீரூற்றுகள் செய்து அனுப்புகிறேன். அரக்கர், மந்திரவாதி பொம்மைகளை அவற்றைச் சுற்றி நகர்த்தி விளையாடுவார்களாம்.

சென்னைக்காரர் ஒருவர், வறண்ட ஊருக்குத் தண்ணீர் வந்த மாதிரி ஒரு நீரூற்று கேட்டார். மூன்று வாரம் கண் எரியத் தெர்மாகோலைச் செதுக்கினேன். கடைசியில் தண்ணீருக்காக, ரெசின் என்ற பிசினில் பழுப்பு நிறம் கலந்து ஊற்றினேன். இறுகிவிட்டால் அதைப் பெயர்க்க முடியாது.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் போன் செய்தார். "என்னங்க, சாக்கடை மாதிரி இருக்கு?"

"தப்பாயிடுச்சுங்க. வேற செஞ்சு தர்றேன்" என்றேன். இன்னும் மூன்று வாரம் என்று நினைத்ததுமே கை ஓய்ந்துபோனது.

"இருங்க. நீலத்தை விட்டுட்டு ஏன் இந்தக் கலர்?"

"கோடை முடிஞ்சு ஆத்துல முதல்ல வர்ற தண்ணி இப்படித்தாங்க இருக்கும். அதைப் பார்த்தாதான் நாத்து விடவே மனசு வரும்."

அவர் சிரித்தார். "அப்படியே அனுப்பிடுங்க. சாக்கடைன்னு சொன்னதுக்கு முதல்ல என்னைத்தான் அரக்கன்கிட்ட விடணும்."

தையலில் குறை சொன்ன எத்தனையோ பேரிடம் "தப்பாயிடுச்சுங்க" என்று சொல்லிப் பிரித்துத் தைத்திருக்கிறேன். ஏன் அப்படித் தைத்தாய் என்று அவர்கள் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை. அப்படிப் பிரித்துப் பிரித்துத் தைத்த அசதியெல்லாம் இப்போதுதான் உடம்பில் தெரிகிறது.