வெயில் பக்கத்துப் பெஞ்சு

என் தங்கை கணவர் சன்னாசி, பந்தாட்டம் பார்க்க நிழலில் இடம் கேட்டார். அவருக்கு மொழிபெயர்க்கப் போன நான், துரையிடம் வெயிலில் இடம் கேட்டேன். வாய் தவறி அல்ல... தெரிந்தே, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டேன்!

சொல்லிவிட்டேன். இந்த நாலு வரியை எழுதியதற்கே நெஞ்சு எவ்வளவு இலேசாகிறது, பாருங்கள்! இத்தனை காலம் இதை எப்படி மென்று விழுங்கினேன் என்று எனக்கே வியப்பாக இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு என்னை நல்லவன் என்று எண்ணிவிடாதீர்கள். மீதியையும் கேளுங்கள்.

நான் மலாயாவில், பத்து பாகாட் ஊரில் ஒரு ரப்பர் கம்பெனி ஆபீசில் கிராணி. மேசை, நாற்காலி, மைக்கூடு சகிதம் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. சன்னாசி ஊருக்கு வெளியே உள்ள தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். நானும் தங்கை பார்வதியும் அதே தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள்தாம். நாலு எழுத்து ஆங்கிலம் படித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊர்த் திடலில் பந்தாட்டம் நடக்கும். மேற்குப் பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை. எதிரே கிழக்குப் பக்கம் வெறும் பலகை பெஞ்சுகள். அங்கே உட்கார்ந்தால் மாலை வெயில் நேரே கண்ணில் குத்தும். கொட்டகையின் மேல் வரிசையில் துரைமார்களும் அதிகாரிகளும், என்னைப் போன்ற அரைத் துரைகளும். கீழ் வரிசையில் எங்கள் தோட்டத்து ஆட்கள் முப்பது பேர், சீசன் டிக்கெட்டை மடியில் முடிந்துகொண்டு.

ஆட்டக்காரர்கள் கொட்டகை வாசல் வழியாகத்தான் திடலில் இறங்குவார்கள். நம் தமிழ் அணி வரும்போது சன்னாசி எழுந்து வழிமறிப்பார். பதினொரு பேரையும் நிற்க வைத்து, எலுமிச்சம்பழத்தால் திருஷ்டி சுற்றி, பழத்தைக் காலால் நசுக்கிவிட்டுத் தப்புப் பறையை எடுத்து அடிப்பார். அது முடியாமல் நம் ஆட்கள் பந்தைத் தொட்டதில்லை. ஒருநாள் பழம் நசுங்காமல் உருண்டுபோய் ஒரு துரையின் காலில் இருந்த வெள்ளைச் சப்பாத்தில் முட்டி நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் செத்துப் பிழைத்தேன்.

சன்னாசி அத்தோடு விடமாட்டார். மேல் வரிசையை அண்ணாந்து பார்த்து, "மச்சான், இன்னைக்கு மூணு கோல் நமக்கு" என்பார். அதிகாரிகள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். புளித்த ரப்பர் பால் வாடை வீசும் சட்டையோடு ஒருவர் என்னை மச்சான் என்கிறார்! எனக்கு உடம்பெல்லாம் கூசும். அவர் என் தங்கையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறவர் என்பது அப்போது நினைவுக்கு வராது.

அப்படியிருக்கையில்தான் ஆட்டக் கமிட்டி ஓர் அறிவிப்பு ஒட்டியது. கொட்டகையில் நாற்காலிகள் போடப் போகிறார்கள். கீழ் வரிசைக்காரர்கள் அடுத்த பருவம் கிழக்குப் பக்கம் போக வேண்டும். டிக்கெட் விலை அதேதான்.

தோட்டத்தில் ஒரு வாரம் இதே பேச்சு. விலை ஏறவில்லையே, போனால் என்ன என்றார்கள் சிலர். பணம் கூடக் கொடுத்தாவது இடத்தைப் பிடித்துக்கொள்வோம் என்றார்கள் சிலர். அரை வெள்ளி என்றால் ஒரு நாள் கூலியாயிற்றே என்று ஒருவர் குறுக்கே விழுந்தார். கிழக்குப் பக்கம் போனால் ஆட்டக்காரர்களுக்கு யார் பழம் சுற்றுவது என்று சன்னாசி கேட்டார். முடிவில், ஆளுக்கு அரை வெள்ளி கூடக் கொடுத்து நிழலிலேயே இருப்பது என்று முப்பது பேரும் ஒத்துக்கொண்டார்கள். கமிட்டித் தலைவரான துரையிடம் பேசச் சன்னாசியை அனுப்பினார்கள். சன்னாசிக்கு ஆங்கிலம் தெரியாது. துரை சீமையிலிருந்து வந்து மூன்று மாதம். தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. நடுவில் நான்!

துரை தங்கமான மனிதர். நாங்கள் வாய் திறக்கும் முன்பே, அவர்களுக்கு மனக்குறை என்று கேள்விப்பட்டேன், அரை வெள்ளி கூடக் கொடுத்தால் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். சன்னாசி கேட்க வந்ததும் அதேதான். நான் அதை அப்படியே தமிழில் சொன்னால் போதும்... கதை முடிந்தது.

நான் சொல்லவில்லை.

"துரை என்ன சொல்றாரு மச்சான்?" என்று கேட்டார் சன்னாசி.

"காசு கூடக் கொடுத்தாலும் முடியாதாம். அந்த இடம் அதிகாரிங்களுக்குன்னு ஆயிப்போச்சாம்."

பிறகு துரையின் பக்கம் திரும்பி, இவர்கள் கிழக்குப் பக்கத்தையே விரும்புகிறார்கள், தப்படிக்க அங்கேதான் தாராளமாக இடம் இருக்கிறது என்றேன். துரை புருவத்தை உயர்த்தி, வெயில் அடிக்குமே என்றார். வெயில் அவர்களுக்குப் பழக்கம்தான் என்றேன். ரப்பர் மரத்து நிழலிலேயே நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு வெயில் பழக்கமாம்! எந்த வாயால் சொன்னேன்?

அவர்களே விரும்பிக் கேட்டதாகத் துரை கமிட்டிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். சன்னாசி கும்பிட்டார். துரை சிரித்தார். இருவர் காதிலும் பூச்சுற்றிவிட்டு நான் வெளியே வந்தேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி! தலைவலி விட்டதுபோல் அப்படி ஒரு நிம்மதி.

சன்னாசி தோட்டத்துக்குப் போய், மச்சான் எங்களுக்காக எவ்வளவோ வாதாடினார், துரைதான் மசியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மறுவாரம் பார்வதி மூலம் எனக்கு ஒரு பலாப்பழம் வந்தது, நான் பட்ட சிரமத்துக்காக! அதையும் தின்றேனே...

மூன்று பருவம் அவர்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள். முப்பது பேர் பன்னிரண்டாகக் குறைந்தார்கள். நான் நிழலில் நாற்காலியில் இருந்தேன். பழம் சுற்ற ஆளில்லாமல் நம் அணி இறங்கியது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கண் மட்டும் பந்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு அந்தத் துரை சீமைக்குப் போனார், புதுத் துரை வந்தார். பழைய இடத்தைக் கேட்டுப் பார்ப்போம் என்று தோட்டத்தில் மறுபடியும் பேச்சு எழுந்தது. சன்னாசி என் வீட்டுக்கு வந்து, இந்தத் தடவையும் நீங்கதான் பேசணும் என்றார்.

புதுத் துரை புத்தகத்தைப் புரட்டுவார். அவர்களே விரும்பிக் கேட்டார்கள் என்று அதில் இருக்கும். கையும் களவுமாக மாட்டிக்கொள்வேன். என்னைப் பேச வைத்தது மனச்சாட்சியா, அந்தப் பயமா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தால் என்ன, அன்று சன்னாசியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஏன் மச்சான்?" என்றார் அவர்.

"வெக்கமா இருந்துச்சு, மாப்பிள்ளை."

அவர் குனிந்து தம் சட்டையைப் பார்த்துக்கொண்டார். நான் விளக்கவே இல்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. அடித்திருந்தால் தேவலை!

"பார்வதிக்குத் தெரிய வேணாம்" என்றார். "உங்க மேல உசுரையே வச்சிருக்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்தின் முன்னால் எல்லோரும் கூடினார்கள். நானும் போயிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்துதான் போனேன், நம்புங்கள்! ஆனால் சன்னாசி முந்திக்கொண்டார்.

"அன்னைக்குத் துரை அரை வெள்ளி கொடுத்தா இருக்கச் சொன்னாரு. நான்தான் மச்சான்கிட்ட, வேணாம், காசு கூடக் கொடுக்கிறதுக்குப் பதிலா வெயில் பக்கமே கேளுங்கன்னு சொன்னேன். உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

ஒரு கிழவர் எழுந்துவந்து, சன்னாசியின் தோளில் தொங்கிய தப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். பார்வதி வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லோர் முன்னாலும் கணவரை அவள் பார்த்த பார்வை... அது எனக்கு வர வேண்டிய பார்வை! சன்னாசி ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். மறுபடியும் அதே பாழாய்ப்போன நிம்மதி!

புதுத் துரையிடம் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். இப்போது எந்தப் பக்கமும் மாற்றிச் சொல்லும் தேவை எனக்கு இல்லை. அவர் ஒப்புக்கொண்டார். விலை கூட்டிக் கொடுத்து, முப்பது பேரில் எஞ்சியிருந்தவர்கள் கொட்டகைக்குத் திரும்பினார்கள். வேறொருவர் பழம் சுற்றினார். நானும் மேல் வரிசையை விட்டு இறங்கி அவர்களோடு கீழ் வரிசையில் உட்கார்ந்தேன். கிராணியார் நம் பக்கம் வந்துவிட்டார் என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த வரிசையில் எனக்குச் சுகமாகவே இருந்தது.

சன்னாசி மட்டும் வரவில்லை. பழைய விலைக்கே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, கிழக்குப் பக்கம் தனியே உட்கார்ந்தார், நெற்றியில் கையை வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு.

போன வெள்ளிக்கிழமை பார்வதியும் ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். திடலுக்கு அப்பால் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஏண்ணே, அவரு மட்டும் ஏன் அங்கயே குந்திக்கிட்டிருக்காரு? நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டேன்" என்றேன். "அவருக்கு அந்தப் பக்கம்தான் பிடிச்சிருக்காம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு ஆட்டத்தின் பக்கம் திரும்பினாள். என்னை நம்பிவிட்டாள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.