கழற்றச் சொன்ன கண்ணாடி

யுத்த காலத்தில் அரியலூரில் என் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஒரு சட்டம் இருந்தது. செருப்பு வாசலில், மூக்குக்கண்ணாடி மேசையில். கண்ணாடியோடு எடுத்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு, கண் இருக்கிற இடத்தில் இரண்டு வெள்ளைத் திட்டு விழும். பிள்ளைகள் என்றால் பெற்றவர்களே ஓடிவந்து கழற்றிவிடுவார்கள். கண்ணாடி போட்ட குழந்தை படத்தில் சீக்காளியாகத் தெரியும் என்று பயம். எனக்கும் அதே நினைப்புத்தான்.

ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு டீச்சரம்மா மகளோடு வந்தார். மகள் ஆரோக்கியமேரிக்கு எட்டு வயது. அப்பா பட்டாளத்தில், பர்மா பக்கம். அவருக்கு அனுப்பத்தான் படம். அவர் கிளம்பும்போது அவளுக்கு நாலு வயது. கண்ணாடி போட்டதே போன வருஷம்தான்.

"அவருக்கு இது தெரியாதுங்க. புள்ளைக்குக் கண்ணு போயிடுச்சோன்னு அங்க கெடந்து தவிப்பாரு. கழட்டிட்டே எடுங்க சார்" என்றார் அம்மா.

எடுத்தேன். மூக்கில் கண்ணாடி பதிந்த தடத்தைக்கூட நெகடிவில் பென்சில் வைத்து மறைத்தேன். ரீடச்சிங்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு மிதப்பு.

அடுத்த வாரம் படத்தைப் பார்த்த அம்மாவுக்குத் திருப்தி. மகளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"நான் வேற எங்கயோ பாக்குறேன்."

"லென்ஸப் பாருன்னு சொன்னேன்ல?" என்று எரிந்து விழுந்தேன்.

"லென்ஸே தெரியலீங்க சார். நீங்க பேசுன பக்கம் பாத்தேன்." அதற்குள் அழுகை வந்துவிட்டது. "அப்பா என்னப் பாக்குறப்ப நான் அப்பாவப் பாக்கலியே."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அந்த முகத்தின்மேல் குனிந்து கிடந்தவன், அந்தக் கண்கள் யாரையும் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை.

படமெடுக்கும் பிளேட் லேசில் கிடைக்காத காலம். ஒரு கல்யாணத்துக்குப் பத்திரப்படுத்தியதில் ஒன்றை எடுத்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஜன்னல் திரையைப் பாதி இழுத்தேன். கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் நெல்லளவு தூக்கிவிட்டதும் வெள்ளைத் திட்டு மறைந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை. இத்தனை வருஷமும் என் சோம்பேறித்தனத்துக்குச் சட்டம் என்று பேர் வைத்திருந்திருக்கிறேன்.

"இப்ப லென்ஸ் தெரியுதா பாப்பா?"

"தெரியுது சார். அதுமேல வெரல் ரேகைகூட இருக்கு."

இருந்தது. துடைத்துவிட்டு எடுத்தேன்.

மறுவாரம் டீச்சரம்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். முதல் படத்தை என் பக்கம் தள்ளினார்.

"இத நீங்களே வச்சுக்குங்க சார். அவரு கவலப்பட்டா படட்டும். எம்புள்ள அவரப் பாக்கட்டும்."

அதன்பிறகு எந்தக் குழந்தையையும் நான் கண்ணாடியைக் கழற்றச் சொன்னதில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முகத்தை அழகாக்கும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு உங்களைத் தெரிகிறதா என்று முதலில் கேளுங்கள்.