அடுப்படிக்குக் கேட்கும் பேச்சு

என் கணவர் திருமழிசையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய தொண்டை. வீட்டில் உப்பு கேட்டால்கூட, மெட்ரோ வேலை நடக்கும் பூந்தமல்லி ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் திங்கட்கிழமை வரும், அதுவரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர். எது வேண்டுமானாலும் போனில் டைப் பண்ணிக் காட்டட்டும், இந்தக் காலத்தில் அது ஒரு கஷ்டமா என்றும் கேட்டார். டாக்டரின் விரல்கள் மெத்தென்று இருந்தன.

லேத் ஓட்டுகிற விரல் அப்படியில்லை. நுனியெல்லாம் காய்த்துக் கெட்டியாகிவிட்டது. போன் அந்த விரலை விரலாகவே மதிக்கவில்லை. இவர் அழுத்துவார், கண்ணாடி சும்மா இருக்கும். ஈரம் தொட்டு அழுத்திப் பார்த்தார், இன்னும் மோசமானது. கடைசியில் விரல் முட்டியால் தட்டினால் எழுத்து விழுகிறது என்று கண்டுபிடித்தார். கதவைத் தட்டுவதுபோல ஒவ்வொன்றாகத் தட்டினார். காபி வேண்டும் என்று அவர் அடித்து முடிப்பதற்குள் நான் காபி போட்டு, அவர் குடித்து, டம்ளரைக் கழுவியும் கவிழ்த்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய கோளாறு, கண்ணாடியில் தட்டினால் எனக்குக் கேட்பதில்லை. நான் அடுப்படியில் நிற்பேன், அவர் ஹாலில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியாது. திட்டி முடித்து, எழுந்து வந்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். அதற்குள் எதற்குத் திட்டினோம் என்பது அவருக்கே பழசாகியிருக்கும். இரண்டொரு நாளில் அலுத்துப்போய் டைப் செய்வதையே விட்டுவிட்டார். டி.வி.யைப் பார்த்து உட்கார்ந்தார். ஓடாத டி.வி.யையும் பார்த்தார்.

நான் அம்பத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். இன்ஸ்டிடியூட்டில் எங்கள் கை மேல் ஒரு துணியைப் போட்டு மூடித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கீயைப் பார்த்து அடிப்பவள் டைப்பிஸ்டே இல்லை. அந்தப் பழக்கத்தில் நான் போனிலும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் அடிப்பேன். என் மெசேஜை இதுவரை யாரும் முழுதாகப் புரிந்துகொண்டதில்லை. ஆக, எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான் இருந்தது. ஆபீசில் மூலையில் கிடந்த பழைய கீபோர்டை வக்கீலிடம் கேட்டு எடுத்துவந்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரே மொபைல் கடையில், ஒரு சின்ன ஒயரைப் போட்டு அதைப் போனோடு சேர்த்து, கீ மேல் தமிழ் ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தார்கள்.

"இன்னாத்துக்குக்கா இவ்ளோ கஷ்டம்? வாய்ஸ்ல சொன்னா போனே டைப் பண்ணிக்கும்" என்றார் கடைக்காரர்.

"வாய்ஸ்தாம்பா இல்ல" என்றேன்.

போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்து, கீபோர்டை அவர் மடியில் வைத்தேன். ஒற்றை விரலால் குத்தினார். கீபோர்டுக்கு விரலைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை, குத்தினால் எழுத்து விழுந்தது. தேடித் தேடி அவர் அடித்த முதல் வாக்கியம்: "இன்னாத்துக்கு என்னிய சீக்காளி மாரி பாத்துகினு கீறே."

அன்றிலிருந்து வீட்டுக்குப் பேச்சு திரும்பியது. அடுப்படியிலிருந்தே கேட்கும். தட் தட் என்று சீராக வந்தால் சும்மா ஏதோ சொல்கிறார். வேகமாக விழுந்தால் செய்தியில் யாரையோ பார்த்துவிட்டார். கடைசியில் ஒரு பெரிய குத்து விழுந்தால் அது எனக்கு. "வரேங்க, கத்தாதீங்க" என்பேன். ஒருநாள் வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, வாயே திறக்காத மனுஷனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வந்த காரியத்தைச் சொல்லாமலே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் கீபோர்டு வெகுநேரம் ஓடியது. சண்டையும் இல்லை, செய்தியும் இல்லை, நிதானமாக ஓடியது. பிறகு நின்றது. அப்புறம் ஒரே கீ, அதே கீ, விடாமல். பேக்ஸ்பேஸ். வக்கீல் சொல்வதை அடித்தும் அழித்தும் பிழைப்பவள் நான், அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குகிற வழக்கம் இந்த மனுஷனுக்குக் கிடையாது. என் அண்ணன் கல்யாணப் பந்தியில் சொன்னதையே இன்னும் வாங்கவில்லை. இப்போது கேட்டால், அன்றைக்கு எதையும் அழிக்கவே இல்லை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சாதிக்கிறார்.

போய்ப் பார்த்தேன். போன் காலியாக இருந்தது.

"இன்னாங்க அடிச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. கொழம்பப் பாரு" என்று அடித்தார்.

எனக்கு வாய் இருந்தது, தொண்டை நன்றாக இருந்தது, வார்த்தைதான் வரவில்லை. மறுநாள் ரிசல்ட். அதைப் பற்றி நாங்கள் அதுவரை பேசவே இல்லை. அவரால் பேச முடியாது என்பது எனக்கும் வசதியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, கீபோர்டை அவர் மடியிலிருந்து என் மடிக்கு இழுத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே அடித்தேன்: "எனக்குப் பயமா இருக்குங்க." அதைத் திரும்ப அவர் மடியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

குழம்பு கொதித்தது. ஹாலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தட், தட் என்று கொஞ்சம் எழுத்துகள், ஒவ்வொன்றாக விழுந்தன. நின்றது. பின்னாலேயே பேக்ஸ்பேஸ் விழும் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அதைப் படிக்கப் போனேன்.