சூடேறிய கடல்

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடையில், கிணத்துக்கடவிலிருந்து நானும் மனைவியும் ராமேஸ்வரம் போயிருந்தோம். கடலில் முழுகி எழுந்தவள், "ஏனுங்க, தண்ணி வெதுவெதுன்னு இருக்குதுங்க. முட்டி வலிக்கு எதமா இருக்குது" என்றாள். சாமி கருணை என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு மீனவர் பவளப்பாறை காட்டுவதாகச் சொல்லித் தம் படகில் கூட்டிப்போனார். தெளிந்த தண்ணீருக்கடியில் எங்கு பார்த்தாலும் ஒரே வெள்ளை. புதுச் சுண்ணாம்பு அடித்த கோயில் போலிருக்க, கைகூப்பிவிட்டேன்.

"கும்புடாதீங்கய்யா" என்றார் அவர். "இதெல்லாம் உசுரு. போன மாசம் வரைக்கும் கலர் கலரா இருந்துச்சு. கடல்தண்ணி சூடு தாங்காம வெளுத்துக் கெடக்கு. இதுக்குள்ளதான் மீனு குடியிருக்கும். இது செத்துட்டா நாங்க எங்க போயி வலை போட?"

கூப்பிய கையை இறக்கினேன். கல் என்று நினைத்தது உயிரா? கடலுக்குக்கூடச் சூடு ஏறுமா?

மனைவி தண்ணீரில் அளைந்துகொண்டிருந்த கையை வெடுக்கென்று இழுத்தாள். "பாலு சூடா இருந்தா ஆத்திப்போடலாமுங்க. இத்தாம்பெரிய கடல ஆருங்க ஆத்தறது?"

சாயந்திரம் சன்னதியில் நின்றபோது, அந்தக் கேள்வியைத் தவிர வேறொன்றும் என் வாயில் வரவில்லை.